உமிழ்நீரின் வழியே ஒரு நடை: பெருந்தொற்றுக் காலத்தில் பல் கிளினிக் நடத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.டி.எஸ். படிப்பும் பயிற்சிக் காலமும் முடித்து, வேலூரிலோ காட்பாடியிலோ குடியாத்தத்திலோ சொந்தமாகப் பல் கிளினிக் தொடங்கப் போகிறவர்களுக்காகவும், மூத்த மருத்துவர் ஒருவரிடம் வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கைகழுவும் முறையையும் என்95 முகக்கவசத்தையும் பற்றி உங்களைத் தேர்வில் கேட்டிருப்பார்கள். நீங்களும் சரியாகவே எழுதியிருப்பீர்கள். ஆனால் மாலை ஏழு மணிக்கு வெளியே நான்கு பேர் காத்திருக்க, உதவியாளர் வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருக்க, நாற்காலியில் அடுத்த நோயாளி உட்காரும் நேரத்தில் அந்த விடைத்தாள் உதவிக்கு வராது. கோவிட் காலத்தில் நான் பேசிப் பார்த்த மருத்துவர்களில் விதிகள் தெரியாதவர் என்று யாரும் இல்லை. இரண்டு நோயாளிகளுக்கு இடையிலான அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான் எல்லாரும், நான் உட்பட, வழுக்கினோம். எனவே என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலிலிருந்து தொடங்காமல், ஒரு நோயாளியின் உமிழ்நீர் உங்கள் கிளினிக்கில் எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்வதிலிருந்து தொடங்குகிறேன்.

முன்கதை கொஞ்சம்

'எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எச்சரிக்கை' என்ற விதி கோவிடோடு வந்ததல்ல. 1986-இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிய வந்தது. யாரிடம் தொற்று இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதை மருத்துவ உலகம் அந்த ஆண்டுகளில்தான் ஒப்புக்கொண்டது. எல்லாருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இல் வகுத்த விதிகளில், பல் மருத்துவத்தைப் பொறுத்தவரை உமிழ்நீரும் சேர்க்கப்பட்டது. கையுறை போடாமல் பல் பிடுங்கிய தலைமுறை அதன் பிறகுதான் மாறியது. அன்று வந்த எச்சரிக்கை ரத்தத்தையும் ஊசியையும் பற்றியது. கோவிட் அதோடு காற்றையும் சேர்த்தது. பழைய விதிகளில் எதையும் அது ரத்து செய்யவில்லை.

முதல் படி: கேசரிப் பவுடர் சோதனை

கிளினிக் திறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பயிற்சிக்குப் பயன்படுத்திய பல் மாதிரியின் மீது கேசரிப் பவுடரைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, நாற்காலியின் தலைப்பகுதியில் வையுங்கள். நாற்காலி மீதும் அதைச் சுற்றித் தரையிலும் பழைய வெள்ளை வேட்டிகளை விரியுங்கள். பிறகு வழக்கமான உடையில், வழக்கமான கையுறையுடன் ஏரோட்டரையும் (பல்லைத் துளையிடும் அதிவேகக் கருவி) அல்ட்ராசானிக் ஸ்கேலரையும் (பற்காரை நீக்கும் அதிர்வுக் கருவி) தண்ணீருடன் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். உதவியாளர் தன் போக்கில் வேலை செய்யட்டும்: இழுப்பறையைத் திறக்கட்டும், விளக்கைத் திருப்பட்டும், தொலைபேசி அடித்தால் எடுக்கட்டும். சாயத்தைத் தண்ணீர்ப் புட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போனால் பிறகு சுத்தம் செய்வது பெரும் வேலையாகிவிடும்.

முடிந்ததும் ஆரஞ்சு நிறம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். வேட்டியில் தெரியும் பெரிய துளிகள் ஒரு கதை சொல்லும்; கையுறை தொட்ட இடங்கள் வேறொரு கதை சொல்லும். நான் முதன்முறை செய்து பார்த்தபோது என் கண்ணாடியில் புள்ளிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தன. பஞ்சு வைத்திருக்கும் இழுப்பறையின் கைப்பிடியிலும், என் கைபேசியின் பின்புறத்திலும், அடுத்த தேதி குறித்துக் கொடுக்கும் பேனாவிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பேனாவைத்தான் நோயாளிகளும் வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள்.

இந்தச் சோதனை காட்டாதது ஒன்று உண்டு. சுமார் 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகள் சீக்கிரம் கீழே விழுந்து கறையாகத் தெரியும். அவற்றைவிட நுண்ணியவை காற்றிலேயே மிதந்து, அறை முழுவதும் பரவி, மூச்சோடு உள்ளே போகும். அவற்றுக்கு நிறம் பூச முடியாது. ஆகவே கறை படிந்த இடங்களைக் கையாள ஒரு முறையும், கறை படியாத காற்றைக் கையாள வேறொரு முறையும் தேவை.

இரண்டாம் படி: யாருக்கு இன்று, யாருக்குப் பிறகு

2020 மே 19-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், நோய்ப்பரவல் மண்டலத்தைப் பொறுத்து எந்தச் சிகிச்சையைச் செய்யலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிரித்துக் காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும், பரவல் உச்சத்தில் உள்ள இடங்களில் அவசரமல்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வந்தாலும் இந்தப் பிரிப்பு தேவைப்படும் என்பதால், இப்போதே அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்காத ரத்தப்போக்கு, மூச்சுக்குழாயை நெருக்கும் அளவுக்குத் தாடையிலும் கழுத்திலும் பரவும் வீக்கம், முக எலும்பு முறிவு ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை; அவற்றை அன்றே, தேவையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். தாங்க முடியாத பல்வலி, சீழ்க்கட்டி, விபத்தில் பெயர்ந்து விழுந்த பல் போன்றவை அவசரமானவை. பற்களை வெண்மையாக்குதல், கம்பி கட்டத் தொடங்குதல், வலியில்லாத பல்லுக்கு உறை போடுதல் ஆகியவை காத்திருக்கலாம்.

கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமை, வீட்டில் யாருக்காவது நோய் ஆகியவற்றைக் கேட்பதோடு, வலி எத்தனை நாளாக இருக்கிறது, வீங்கியிருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா என்றும் கேட்டால் பாதி முடிவு அப்போதே எடுத்துவிடலாம். வேலூரில் இதற்கு ஒரு கூடுதல் ஏற்பாடு தேவை. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சி.எம்.சி.க்கு வந்து, சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் பல்வலிக்கு உங்களிடமும் வருவார்கள். 2020 ஊரடங்கில் இப்படி வந்தவர்கள் பலர் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே நின்றுவிட்டார்கள். கேள்வித்தாளைத் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருதும் இருந்தால் பேரணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உதவும். லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்களில் பலர் புற்றுநோய், சிறுநீரக நோய், ரத்த நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் அல்லது அப்படிப்பட்டவருக்குத் துணையாக வந்தவர்கள். உங்கள் கிளினிக்கில் ஒட்டிக்கொள்ளும் தொற்று போய்ச் சேரும் இடம் அப்படிப்பட்ட ஒரு நோயாளியாக இருக்கலாம்.

நெற்றியில் காட்டும் வெப்பமானியை அதிகம் நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டரில் வந்தவரை வாசலிலேயே அளந்தால் நல்ல உடம்பும் காய்ச்சலாகத் தெரியும். நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு அளக்கவும்.

மூன்றாம் படி: காற்று

புதிய கிளினிக்குகளில் முதலில் மாட்டுவது ஸ்பிளிட் ஏ.சி.; முதலில் அடைப்பது ஜன்னல். வேலூர் வெயிலில் இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரூட்டித் திரும்ப விடுகிறது. ஒரு அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேறச் சுமார் 46 நிமிடம் ஆகும். மணிக்கு 12 முறை மாறினால் அது சுமார் 23 நிமிடமாகக் குறையும். ஜன்னலை மூடிய அறையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஒரு எக்ஸாஸ்ட் விசிறியைப் பொருத்தி, அதற்கு எதிர்ப்புறம் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். சுத்தமான காற்று முதலில் உங்களைக் கடந்து, பிறகு நோயாளியைக் கடந்து வெளியேற வேண்டும். நாற்காலியை அந்தத் திசைக்கு ஏற்பத் திருப்பிப் போடுங்கள். ஊதுபத்தியைக் கொளுத்தி நாற்காலியின் தலைப்பகுதியில் பிடித்தால் புகை போகும் திசை தெரிந்துவிடும். அது காத்திருப்போர் அறைக்குள் போகுமானால் கதவை மாற்றியமைக்காமல் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். வசதியிருந்தால் ஹெப்பா எனப்படும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை வாங்கி, நோயாளியின் தலைக்கு அருகில் வைக்கலாம். அறை முழுவதும் மருந்துப் புகை அடிக்கும் இயந்திரங்களை 2020-இல் பலர் வாங்கினார்கள். பரப்புகளின் மீது இப்படிப் பொதுவாகத் தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அந்த இயந்திரங்கள் இன்று பரண்மேல் கிடக்கின்றன.

ஏரோட்டர், ஸ்கேலர் தேவைப்படும் வேலைகளைக் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் குவித்துக்கொண்டால், ஜன்னலைத் திறந்து வைக்க வெயிலும் இடம் கொடுக்கும், கவச உடைக்குள் நீங்களும் மயங்காமல் இருப்பீர்கள்.

நான்காம் படி: வாயிலேயே தடுப்பது

காற்றில் கலந்த பிறகு விரட்டுவதைவிட, வாயைவிட்டு வெளியே வராமல் தடுப்பது மலிவு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளை வாங்கச் சொன்னால் நான் ரப்பர் டேமைத்தான், அதாவது சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் தாளைத்தான், சொல்வேன். கல்லூரியில் வேர் சிகிச்சைக்காகப் போட்டுப் பழகிவிட்டு, கிளினிக்குக்கு வந்ததும் 'நேரமாகிறது' என்று கைவிடப்படும் பொருள் அது. அதைப் போட்டுவிட்டால் ஏரோட்டர் தெறிக்கும் தண்ணீரில் உமிழ்நீரின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்தது, அகன்ற வாயுள்ள உயர்விசை சக்ஷன் (உறிஞ்சு குழாய்). உமிழ்நீரை மட்டும் உறிஞ்சும் மெல்லிய குழாய் அந்த வேலையைச் செய்யாது. அதை உதவியாளர் பிடிக்க வேண்டும், பல்லுக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். மூன்று வழிச் சிரிஞ்சில் காற்றையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் அழுத்தாதீர்கள். அந்தத் தூவல்தான் மிக மோசமானது. பரவல் உச்சத்தில் இருக்கும்போது கையால் ஸ்கேலிங் செய்யலாம். பீடியும் புகையிலையும் கறைப்படுத்திய பற்களில் அது மணிக்கட்டுக்குப் பெரும் தண்டனை என்பது தெரிந்தே சொல்கிறேன். இரண்டு வருகைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிக்கச் செய்வது உமிழ்நீரில் உள்ள கிருமிகளின் அளவைச் சிறிது நேரத்துக்குக் குறைக்கும். 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது 0.2 சதவீத போவிடோன் அயோடின் வழக்கம். அயோடின் கொடுப்பதற்கு முன் தைராய்டு, கர்ப்பம், ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்டுவிடுங்கள். கொப்பளித்துவிட்டதால் மற்ற எதையும் தளர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: அணிவதும் கழற்றுவதும்

அணியும் வரிசை எளிது: கைகழுவல், மேலங்கி, என்95, கண்ணாடியும் முகத்தடுப்பும், கடைசியாகக் கையுறை. முகக்கவசத்தை அணிந்ததும் இரண்டு கைகளாலும் மூடி மூச்சை வெளியே விட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்குக் கசியும். வால்வு வைத்த கவசம் உங்களை மட்டும் காக்கும், நோயாளியைக் காக்காது.

கழற்றும்போதுதான் தொற்று ஒட்டுகிறது. கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உருவுங்கள். கையைச் சுத்தம் செய்யுங்கள். முகத்தடுப்பைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள். மேலங்கியை உள்பக்கம் வெளியே சுருட்டிக் கழற்றுங்கள். மறுபடி கையைச் சுத்தம் செய்யுங்கள். அறையைவிட்டு வெளியே வந்த பிறகே என்95-ஐ, முன்பக்கத்தைத் தொடாமல், பட்டையைப் பிடித்து எடுங்கள். பிறகு சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கைகழுவுங்கள். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். 2020-இல் விண்வெளி வீரரைப் போல நாடா ஒட்டிய முழு உடல் கவசத்தில் படம் எடுத்துப் போட்டோம். சாதாரணப் பல் கிளினிக்குக்குத் தண்ணீர் ஊடுருவாத நீண்ட கை மேலங்கியும் தொப்பியும் என்95-உம் முகத்தடுப்பும் போதும் என்பது என் கருத்து. முழுக் கவசத்தை வியர்வையில் நனைந்த நிலையில் தனியாகக் கழற்றும்போது தொடக்கூடாத இடங்களையெல்லாம் தொட்டுவிடுகிறோம்.

ஆறாம் படி: அடுத்தவர் உட்காருவதற்கு முன்

கேசரிப் பவுடர் காட்டிய இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் கைப்பிடி, நாற்காலியின் பொத்தான்கள், எக்ஸ்ரே சுவிட்ச் ஆகியவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் மாற்றிவிட்டால் துடைக்கும் வேலை பாதியாகும். பேனாவும் கைபேசியும் சிகிச்சை அறைக்குள் வரவே வேண்டாம்.

துடைப்பதற்கு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் 5 சதவீதப் புட்டி கிடைத்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். நமது வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் குறையும் என்பதால் அன்றன்றைக்குக் கலக்கி, வெளிச்சம் படாத புட்டியில் வைக்கவும். துடைத்தவுடன் காயவிடாமல் பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட்டு, பிறகு உலோகப் பகுதிகளைத் தண்ணீரால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் துருப்பிடிக்கும். குளியலறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

ஏழாம் படி: கருவிகள்

பெருந்தொற்று வந்ததும் எல்லாரும் காற்றையே பேசியதில் பின்னுக்குப் போனது இது. ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள்வரை தொற்றும் தன்மையோடு இருக்கக்கூடியது. வெந்நீரில் கொதிக்கவைப்பது கிருமியகற்றலில் சேராது. நீல விளக்கு எரியும் யு.வி. பெட்டி, சுத்தமான கருவியைப் பாதுகாக்கும் அலமாரி மட்டுமே. அது எதையும் சுத்தமாக்காது.

ரத்தம் காய்வதற்கு முன் கருவிகளைக் கழுவுங்கள். அழுக்கின் மீது ஆவி வேலை செய்யாது. பிறகு காகிதப் பையில் இட்டு ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியால் கிருமியகற்றும் இயந்திரம்) வையுங்கள். 121 டிகிரி செல்சியஸில் 15 பவுண்டு அழுத்தத்தில், பையிலிட்ட கருவிகளுக்கு 30 நிமிடம். உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிடும் முன்வெற்றிட வகை இயந்திரத்தில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். அந்த வெப்பத்தை எட்டிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? செங்குத்தான பழைய ஆட்டோகிளேவிலும் அப்படியே, உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே வால்வை மூட வேண்டும். காற்று தங்கிய இடத்தில் ஆவி நுழையாது. ஹேண்ட்பீஸின் (ஏரோட்டர் போன்ற, கையில் பிடிக்கும் துளையிடும் கருவி) உட்குழாய்க்குள் இதுவே சிக்கல் என்பதால், முடிந்தால் முன்வெற்றிட வகையையே வாங்குங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஹேண்ட்பீஸ் வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவர் வாயில் வைக்கக்கூடாது. நடுவில் மின்சாரம் போனால் சுழற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து அல்ல.

நிறம் மாறும் நாடா, பை சூடேறியது என்பதை மட்டுமே சொல்கிறது. கிருமி செத்ததா என்று அறிய, ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பம் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் உள்ள சோதனைக் குப்பியை வாரம் ஒருமுறை உள்ளே வைத்து, முடிவைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

தண்ணீர்

அரசனில்லாக் கோட்டை, தெய்வமில்லாக் கோவில், தண்ணீரில்லா ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறுதான் ஆண்டின் பெரும்பகுதியில் இன்னும் மணல். போர்வெல் உப்புத் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் சில மாதங்களில் உப்புப் படிந்து அதன் சூடேற்றும் பகுதி பழுதாகும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். நாற்காலியின் நீர்க்குழாய்களுக்குத் தனிப் புட்டி வைத்து, காலையில் இரண்டு நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடியும் தண்ணீரை ஓடவிடுங்கள். ஊரடங்கு போல வாரக்கணக்கில் மூடியிருந்துவிட்டுத் திறக்கும்போது, குழாய்க்குள் படிந்த கிருமிப் படலத்தை மருந்து விட்டு நீக்காமல் ஒருவர் வாயிலும் தண்ணீர் பாய்ச்சக்கூடாது.

கிளினிக்கைவிட்டு வெளியே போகிறவை

அளவெடுத்த அச்சு, பல்செட் செய்யும் லேபுக்குப் போகிறது. அதை ஓடும் நீரில் கழுவி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் தெளித்து, மூடிய பையில் பத்து நிமிடம் வைத்து, மறுபடி கழுவி, 'கிருமிநீக்கம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்புங்கள். திரும்பிவரும் பல்செட்டுக்கும் இதே மரியாதை உண்டு.

கழிவுக்கு 2016 உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். ரத்தம் பட்ட பஞ்சு, பிடுங்கிய பல் மஞ்சள் பையில். கையுறை, உறிஞ்சு குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்புப் பையில். ஊசி, பிளேடு, ஃபைல் (வேர் சிகிச்சைக்கான மெல்லிய அரம்) ஆகியவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். உடைந்த கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். அமால்கம் (பாதரசக் கலவை) அடைத்த பல்லை எரிக்கப்படும் மஞ்சள் பையில் போடாதீர்கள், பாதரசம் ஆவியாகும். மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. படுக்கை வசதியில்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் ஒருமுறை பெற்றால் போதும். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

உடன் வேலை செய்பவர்கள்

நீங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பீர்கள். கருவி கழுவும் அக்காவும் தரை துடைக்கும் அம்மாவும் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப் பொருள் சோதனை. செலவு உங்களுடையது. ஊசி மூடியை இரண்டு கையால் மாட்டாமல், மேசையில் கிடக்கும் மூடிக்குள் ஊசியை ஒரு கையால் நுழைத்து எடுக்கும் பழக்கத்தை அவர்கள் முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள். குத்திவிட்டால் கசக்காமல் சோப்பு நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மறைத்துவிடாதபடி, ஊசி குத்தியதைச் சொன்னவரைத் திட்டுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேசரிப் பவுடர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது முறை நீங்கள் நாற்காலியில் வேலை செய்ய, கறையைத் தேடும் பொறுப்பை உதவியாளரிடம் கொடுங்கள். என் கிளினிக்கில் அப்படிச் செய்தபோது, நான் அடிக்கடி கண்ணாடியைச் சரிசெய்யும் இடத்தில், காதுக்குப் பின்னால், ஒரு ஆரஞ்சுப் புள்ளியை அவர் காட்டினார்.